ஒட்டு

ஆனி மாதத்துச் சாரல். ஆலங்குளம் வீட்டுத் திண்ணையில் என் பேரன் பால்சா மரச் சட்டங்களை ஒட்டி விமானம் செய்துகொண்டிருந்தான். வெள்ளைப் பசை தடவி, குண்டூசி குத்தி, "காலைவரை தொட்டுராதீங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

தொட்டேன். இறக்கையில் ஒரு சட்டம் பெயர்ந்துவிட்டது. ஈரப் பசையின் மேலேயே உடனே ஒட்டும் பசையை வைத்து அமுக்கினேன். மேலே காகிதம் போர்த்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

தூக்கம் வரவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த 'மஸ்கிடோ' விமானம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒட்டுப்பலகையும் பால்சாவுமாகச் செய்ததுதான். முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையால் ஒட்டினார்கள். ஈரம் அதற்கு ஆகாது என்பதால் பிறகு செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள். 1944-ல் இந்தியாவில் அவற்றுள் சில நொறுங்கி விழுந்தபோது, மூட்டுகளில் ஒட்டுக் குறை இருந்தது தெரியவந்தது. ஏறி உட்கார்ந்தவன் மேற்பூச்சைத்தானே பார்த்திருப்பான்?

காலையில் பேரனிடம் சொல்லிவிட்டேன். "பிரிச்சு ஒட்டிக்கலாம் தாத்தா" என்றான், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. அந்த ஒட்டு நிற்கும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால், நான் வாயைத் திறந்திருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.