பனிமய மாதா நாளில் ஒரு பாறை



ஓகஸ்ட் 5 என்றதும் பனிமய மாதா திருநாள் நம் நினைவுக்கு வரும். கோடை நடுவில் உரோமையின் குன்றொன்றில் பனி பெய்து, மாதா தம் கோவிலுக்கு இடம் காட்டினார் என்பது மரபு. தூத்துக்குடி மக்களுக்கு அது பெருவிழா.

1473ஆம் ஆண்டு அதே நாளில் இத்தாலியில் இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் பேனாவும் மையும் கொண்டு ஒரு மலைக்காட்சியை வரைந்தான். அவன் லியனார்டோ டாவின்சி. திகதி இட்டு அவன் வரைந்தவற்றுள் நமக்குக் கிடைத்த முதல் படம் இதுவே. கொப்பித் தாளளவான அப்படம் இன்று புளோரன்ஸ் நகரின் உஃபிஸி கலைக்கூடத்தில் உள்ளது. அதன் மூலையில், வலமிருந்து இடமாக ஓடும் தன் எழுத்தில், பனிமய மாதாவின் நாள் என்று முதலில் எழுதி, பிறகே திகதியைக் குறித்தான்.

ஆனால் படத்தில் மாதா இல்லை, புனிதர் எவரும் இல்லை. அடுக்கடுக்காய்ப் பிளந்த பாறை, அதிலிருந்து விழும் அருவி, இடப்புறம் ஒரு கோட்டை, அப்பால் பரந்த வெளி. அக்காலத்தில் மலையும் மரமும் புனிதர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கவே பெரும்பாலும் வரையப்பட்டன. இவன் அவற்றையே முன்னுக்குக் கொண்டுவந்தான். திருநாளை மறந்து செய்ததல்ல இது; அதன் பெயரை எழுதிவைத்தே செய்தான். (பிற்காலத்தில் பாறைக் குகையின் நடுவே மாதாவை அமர்த்தியும் படம் தீட்டினான். அது வேறு கதை.)

இதை ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்தாருக்கு ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு மேற்கே குடும்பிமலை நிற்கிறது. முடிந்த குடும்பிபோல் தெரிவதால் நம் முன்னோர் அப்படிப் பெயரிட்டார்கள். வெள்ளைக்காரருக்கு அது பிரபுவின் தொப்பி. நம் பிள்ளைகளோ அதைக் கண்டு அறியவில்லை, போர்ச் செய்தியில் கேட்டே அறிந்தார்கள். 2007 ஜூலையில் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை! மலை மறைந்து பயம் மட்டும் மிஞ்சியது.

சங்கீத ஆசிரியர் ஆண்டவரைப் பாறை என்று அழைத்தார். பகைவருக்குத் தப்பி ஒளிந்த கல்லையும், வெயிலில் ஒதுங்கிய நிழலையும் அறிந்த மக்களின் சொல் அது. நாம் அதே சொல்லைப் பூசையில் பாடுகிறோம். எந்தப் பாறையை நினைத்துப் பாடுகிறோம்?

ஒரு ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். குடும்பிமலை தூரமென்றால் பாலத்தடி போதும். களப்பும் கண்டலும் அங்கே உண்டு. பென்சிலும் தாளும் கொடுங்கள். கோணலாக வந்தால் ஏசாதீர்கள். மூலையில் அன்றைய திருநாளை எழுதச் சொல்லுங்கள். திருநாள் இல்லையென்றால், பொதுக்காலத்தின் எத்தனையாம் ஞாயிறு என்று எழுதட்டும்.