கட்டுண்ட நாயும் நமது கடமையும்

பிறருடைய வீட்டு நாயை நாள்தோறும் வெளியே அழைத்துச் சென்று, நடக்க வைத்து, மீண்டும் வீட்டில் சேர்ப்பதை ஒருவர் தொழிலாகவோ தொண்டாகவோ மேற்கொள்ளலாமா? முன்னொரு காலத்தில் எவரேனும் இவ்வாறு வினவியிருந்தால் நாம் நகைத்திருப்போம். இன்றோ சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதனையே பிழைப்பாகக் கொண்ட இளைஞர்கள் இருக்கின்றனர். திருப்பூர் போன்ற தொழில் நகரில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளையொருவன், "கல்லூரிக்குச் செல்லும் முன் காலையில் ஒரு மணி நேரம் இதைச் செய்தால் என்ன?" என்று கேட்பானாயின், பெற்றோர் என்ன விடை கூறுவது? இதனைச் சிறு வினா என்று தள்ளிவிடுவதற்கில்லை. கொல்லாமையை உயிராகப் போற்றும் நாம் சிந்தித்தே தீர வேண்டிய பெரிய வினாவொன்று இதனுள் அடங்கியுள்ளது.

பனியன் தொழிலின் நடைமுறையை அறிந்தோர்க்கு இவ்வினா எங்கிருந்து பிறக்கிறது என்பது எளிதில் விளங்கும். ஏற்றுமதிச் சரக்கு குறித்த நாளில் துறைமுகம் சேர்ந்தாக வேண்டும். நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வேலை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கிறது. தொழிலாளி ஒன்றரை ஷிப்ட் உழைக்கிறார். முதலாளியும் அதற்குக் குறையாமல் அலைகிறார். இவ்வாறு ஓடிக்கொண்டிருக்கும் ஊரில், குட்டியாக இருந்தபோது ஆசையோடு வாங்கி வரப்பட்ட நாய், வளர்ந்தபின் வாயிலருகே இரண்டு முழச் சங்கிலியில் தன் வாழ்நாளைக் கழிக்க நேர்கிறது. கம்பெனிகளிலும் குடோன்களிலும் காவலுக்கென்றே நாயைக் கட்டி வைப்போரும் உண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர். வேளை தவறாமல் சோறும் நீரும் வைப்பவர்களே. அவர்களிடம் இல்லாதது நேரம் ஒன்றுதான்.

ஆனால் நடப்பதும் மோப்பம் பிடிப்பதும் நாய்க்கு உணவைப் போன்றே இன்றியமையாதவை. நாளெல்லாம் கட்டுண்டு கிடக்கும் நாய் ஓயாது குரைக்கிறது. தன் வாலையே துரத்திச் சுழல்கிறது. தன் காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக் கொள்கிறது. வருவோர் மீது பாய்கிறது. அதைக் கண்டு, "இது முரட்டு நாய்" என்று கூறிச் சங்கிலியை மேலும் குறுக்குகின்றனர். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுக்கும் செயல் இது.

கட்டுதலும் குற்றமே

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரக்கூடிய ஐந்து அதிசாரங்களை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவ்வைந்தில் ஒன்றுகூட உயிரைப் போக்குவதன்று என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். உயிர் போகாமலே ஓருயிரை வாட்ட முடியும் என்பதையும், அவ்வாறு வாட்டுதலும் விரதத்திற்கு மாசு என்பதையும் நம் ஆசாரியர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது பந்தம், அதாவது கட்டுதல்.

எனினும் எல்லாக் கட்டும் ஒரு தன்மையன அல்ல. காரணமின்றிக் கட்டுவது வேறு; காரணத்தோடும் கருணையோடும் கட்டுவது வேறு. தக்க காரணம் பற்றி விலங்கைக் கட்டும்போதும், தீ முதலிய இடர் நேர்ந்தால் எளிதில் விடுபடும் வண்ணம் தளர்வாகக் கட்ட வேண்டும் என்பது சிராவக ஆசாரம் பற்றிய உரைகளில் காணப்படும் விளக்கம். பஞ்சும் நூலும் துணியும் நிறைந்த குடோன்களைக் கொண்ட ஊரில் இவ்விளக்கத்தின் பொருளை எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இரவில் ஆளில்லாத கட்டடத்தில் இரும்புச் சங்கிலியில் பூட்டப்பட்ட நாய், தீப்பற்றினால் எங்ஙனம் தப்பும்?

நாட்டின் சட்டமும் இவ்வழியிலேயே நிற்கிறது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது மேற்கொண்ட முயற்சியின் பயனாக, 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 11ஆம் பிரிவு, மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றமென்கிறது. அத்துடன், வழக்கமாகக் கட்டி வைக்கப்படும் அல்லது அடைத்து வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடை அளிக்காமலோ, பிறரைக் கொண்டு அளிக்கச் செய்யாமலோ இருக்கும் உரிமையாளரையும் குற்றவாளி என்கிறது. எனவே நாயை நடத்திச் செல்வது செல்வரின் பொழுதுபோக்கன்று, உரிமையாளரின் கடமை. தம்மால் இயலாதபோது அக்கடமையைப் பிறர் வாயிலாக நிறைவேற்றவும் சட்டம் இடந்தருகிறது.

நம்மவர் எழுப்பும் ஐயம்

"நாய் ஊன் உண்ணும் பிராணி. அத்தகைய விலங்குகளை வளர்ப்பதை நம் நூல்களே விலக்கியிருக்க, அவற்றோடு நமக்கு என்ன தொடர்பு?" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான ஐயமே. பிற உயிரைக் கொன்று தின்னும் விலங்கை விரும்பி வளர்ப்பதை நம் ஆசார நூல்கள் ஊக்குவிக்கவில்லை என்பது உண்மை. ஆயின், வளர்த்தல் வேறு. துன்புறும் உயிரின் துன்பத்தைக் குறைத்தல் வேறு. டில்லி சாந்தினி சௌக்கில் திகம்பர ஜைனர் கோயில் வளாகத்தில் நடைபெறும் பறவை மருத்துவமனை இதற்குத் தக்க சான்று. ஊன் உண்ணும் பறவைகளை அங்கே உள்ளே தங்க வைப்பதில்லை. ஆனால் அடிபட்டு வந்த பருந்துக்கும் வெளியிலேயே சிகிச்சை செய்து அனுப்புகின்றனர். விரதமும் காக்கப்படுகிறது; கருணையும் காக்கப்படுகிறது.

திருத்தக்க தேவர் அருளிய சீவக சிந்தாமணியை அறிந்த நமக்கு வேறு சான்றும் வேண்டுமோ? வேள்விச் சோற்றைத் தீண்டியதற்காக அடித்து வீழ்த்தப்பட்ட நாயின் அருகே அமர்ந்து, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான் சீவகன். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர் அவனுக்கு உற்ற துணையாயிற்று. சீவகன் அந்த நாயை வளர்த்தவன் அல்லன். அது என்ன தின்றது என்று வினவியவனும் அல்லன். துன்புறும் ஓருயிர் கண்முன் கிடந்தது. தன்னால் இயன்றதைச் செய்தான்.

ஆகவே பிறர் வளர்க்கும் நாயை நடத்திச் செல்வதில் விரதத்திற்குக் குறைவில்லை என்பதே நம் கருத்து. ஆனால் ஓர் எல்லை உண்டு. நாய்க்கு ஊன் வாங்கி வருமாறோ ஊட்டுமாறோ கேட்டால், அப்பணி தமக்கு உரியதன்று என முதல் நாளிலேயே பணிவுடன் கூறிவிட வேண்டும். நடையின்போது பூனையையோ அணிலையோ துரத்த விடுதலும் ஆகாது.

கூலியா, தொண்டா?

கூலி பெற்றால் புண்ணியம் குறையும் என்பது பொதுவான எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. நேர்மையான உழைப்புக்குப் பெறும் ஊதியம் இல்லறத்தார்க்கு இழுக்கன்று. கூலி பெறுபவர் குறித்த வேளைக்குச் சென்றாக வேண்டும். மழையானாலும் திருநாளானாலும் செல்ல வேண்டும். கூலி பெறாதவரோ, மனம் வந்தபோது சென்று மனம் வராதபோது நின்றுவிடலாம் என்று எண்ணக்கூடும். ஆனால் நான்கு நாள் அதே வேளையில் அழைத்துச் செல்லப்பட்ட நாய், ஐந்தாம் நாள் வாயிலை நோக்கிக் காத்து நிற்கும். எதிர்பார்ப்பை உண்டாக்கிவிட்டு வராமல் இருப்பதும் ஒருவகைத் துன்புறுத்தலே. தொண்டாகச் செய்வோர் வாரம் இரு நாள் என்று வரையறுத்துக்கொண்டாலும் குற்றமில்லை. வரையறுத்ததைத் தவறாமல் செய்தல் வேண்டும்.

கூலியில் உள்ள ஆபத்து வேறு. திருப்பூர்த் தொழிலாளருக்கு ஷிப்ட் சம்பளத்திற்கும் பீஸ் ரேட்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். நாய்களைப் பீஸ் ரேட்டாக எண்ணத் தொடங்கினால் ஒரு கையில் ஐந்து, மறு கையில் ஐந்து என்று ஆசை வளரும். நாய் நடத்துவோர் மிகுந்த புவனஸ் அயர்ஸ் நகரில் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு நாய்களுக்கு மேல் கொண்டு செல்லலாகாது என்று விதி செய்தனர். லண்டன் அரச பூங்காக்களில் நான்கே நாய்கள் என வரையறுத்தனர். நம் ஊர்ச் சாலைகளின் நெருக்கடியையும் தெருநாய்களின் மிகுதியையும் நோக்கினால் ஒருவருக்கு ஒன்று, மிகுந்தால் இரண்டு என்பதே அளவு. பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் இங்கும் பயன்படுவதைக் காண்க.

இவ்விரண்டினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "அரை மணி நேரம் நடத்திச் செல்ல ஆள் வைத்துவிட்டோம்" என்ற நிறைவில், எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரமும் நாயைச் சங்கிலியிலேயே விட்டுவிடும் உரிமையாளருக்கு, நடத்துபவர் அறியாமலே துணைபோகின்றார். பந்தத்தைத் தளர்த்த வந்தவர் பந்தத்தைத் தாங்கும் தூணாகிவிடுகின்றார். ஆதலின் நடத்திச் செல்பவரின் கடமை வீதியோடு முடிவதில்லை. நிழல் உண்டா, நீர் உண்டா, சங்கிலியின் நீளம் போதுமா, இரவில் அவிழ்த்துவிடச் சுற்றுச்சுவர் உண்டா என்பவற்றைக் கண்டு, இனிய சொல்லால் எடுத்துரைக்க வேண்டும். பலமுறை கூறியும் கேளாத இடத்தில் என்ன செய்வது? விட்டு விலகினால் அந்த அரை மணி நேர விடுதலையும் நாய்க்கு இல்லாமற்போகும். ஆகவே பணியை விடாமல், சொல்வதையும் நிறுத்தாமல் இருத்தலே தக்கது என்பது நம் துணிபு.

தொடங்க விரும்புவோர்க்கு

முதலில் ஒரே ஒரு நாயோடு தொடங்குக. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டுள்ளதா என்பதைக் கையேட்டில் பார்த்த பின்பே ஒப்புக்கொள்க. தாமும் மருத்துவரிடம் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுதல் நலம். முதல் மூன்று நான்கு நாட்கள் உரிமையாளரும் உடன் வரட்டும். நாய் நம்மை மோப்பத்தால் அறிந்துகொள்ளும் வரை அவசரம் வேண்டா. நேரம், கூலி, நாய்க்கு உடல்நலம் கெட்டால் அழைக்க வேண்டிய கால்நடை மருத்துவர், செலவு யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க.

கோடையில் காலை ஏழு மணிக்கு முன்னும், மாலையில் தரை ஆறிய பின்னும் நடையை வைத்துக்கொள்க. தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பார்த்து, நம் கை தாங்காத சூட்டில் நாயின் பாதத்தையும் வைக்கலாகாது. நாயை இழுத்துக்கொண்டு ஓடுவது நடையன்று. நின்று நின்று மோப்பம் பிடிக்க விட வேண்டும். கழிவை எடுத்து அப்புறப்படுத்துவதற்கு நாணுதல் கூடாது. அடிக்கும் கோலைக் கையில் எடுத்தலே ஆகாது. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்க.

பொது இடத்தில் நாயை அவிழ்த்துவிடுதல் கூடவே கூடாது. இம்மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் 2025இல் பலரும் அறிந்த செய்திகள். நாயின்பால் கொள்ளும் கருணை ஆட்டை மறக்கலாகாது. தெருவில் கையிலுள்ள வார், நாயையும் பிறவுயிர்களையும் ஒருங்கே காப்பதற்காக, அது அதிசாரமன்று.

இறுதியாக, நாய் வளர்ப்போர்க்கும் ஒரு சொல். நாள்தோறும் நடத்திச் செல்லத் தமக்கோ தம் வீட்டார்க்கோ நேரமில்லையெனின் நாய் வாங்காதிருத்தலே முதல் அறம். கம்பெனிக்குக் காவல் வேண்டுமெனின் ஒரு மனிதர்க்கு வேலை கொடுப்பது மேலானது. முன்னரே கட்டிவிட்ட நாய் இருக்குமாயின், இன்று மாலையே அதன் சங்கிலியைக் கையால் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தையும் நீளத்தையும் அறிந்துகொள்வோமாக. நம் பிள்ளைகளில் ஒருவர் அதை அவிழ்த்து நடத்திச் செல்ல முன்வந்தால், இழிந்த வேலை என்று தடுக்காது, நல்விரதம் என்று வாழ்த்தி அனுப்புவோமாக.