மலைக்கு அந்தப்பக்கம் நாம் யார்?



கம்பத்தில் விடியற்காலையில் எழுந்து மெயின் ரோட்டுக்கு வந்து பாருங்கள். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குச்சட்டியில் சோறும், தலையில் கட்ட ஒரு துண்டும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளுமாக நம்முடைய தாய்மார்கள் ஏறி உட்காருவார்கள். கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும், போடிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியாகவும் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்புவார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை மாநிலம் மாறுகிற ஜனங்கள் நாம்.

என் தாயாரும் அப்படிப் போனவர்கள்தான். நான் சிறுவனாயிருந்தபோது ஒருநாள் கேட்டேன்: "ஏம்மா, அங்க உன்னய எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பாண்டின்னுதான்."

"பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்களா?"

"பேரக் கேட்டாத்தானடா சொல்லிக் கூப்பிடுவாங்க."

ஒரேயொரு வீட்டில் மாத்திரம் ஒரு வயதான அம்மச்சி, மழைக்கு ஒதுங்கின அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, கட்டஞ்சாயா கொடுத்து, பேர் என்னவென்று கேட்டாராம். வருஷக்கணக்காய் அந்த மலையில் காய் எடுத்த என் தாயார், வாங்கின கூலியெல்லாம் மறந்துபோனார்கள். அந்த அம்மச்சியை மட்டும் சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

பிரியமானவர்களே, அந்நிய இடத்தில் ஒரு மனிதனுடைய மனம் ஏன் வாடிப்போகிறது? அங்கே யார் மாறவேண்டும்? போனவனா, அங்கே ஏற்கெனவே இருக்கிறவனா? இந்தக் கேள்வியைத்தான் இந்த மாதம் உங்கள் முன்பாக வைக்க விரும்புகிறேன்.

இது பலவீனம் அல்ல

கலெர்வோ ஓபெர்க் என்று ஒரு மானிடவியல் அறிஞர் இருந்தார். கனடாவில் பின்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். 1954-ல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில், வெளிதேசத்திலிருந்து வந்து தங்கியிருந்த பெண்கள் மத்தியில் ஒரு உரை நிகழ்த்தினார். 1960-ல் மிஷனரிகள் அதிகம் வாசிக்கிற ஒரு பத்திரிகையில் அது அச்சாகி உலகமெங்கும் பரவியது. 'கலாச்சார அதிர்ச்சி' என்கிற வார்த்தையை ஜனங்கள் வாயில் புழங்க வைத்தது அந்த உரைதான்.

அவர் சொன்ன காரியம் மிக எளியது. எப்போது கும்பிடுவது, எப்போது சிரிப்பது, யார் வீட்டில் எதுவரைக்கும் உள்ளே போவது, ஒருவர் "சாப்பிடுங்க" என்றால் அது நிஜமா மரியாதைக்கா என்கிற ஆயிரம் சின்ன அடையாளங்களைப் பிடித்துக்கொண்டுதான் நாம் நடமாடுகிறோம். சொந்த ஊரில் அவை இருப்பதே நமக்குத் தெரியாது. அந்நிய இடத்தில் அத்தனையும் ஒரே நாளில் கையைவிட்டுப் போகின்றன. கரையில் எறியப்பட்ட மீன் போல மனம் துடிக்கிறது.

அடையாளங்களையும் அவர் எழுதிவைத்தார். குடிக்கிற தண்ணீரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் ஓயாத பயம். அடிக்கடி கை கழுவுதல். சின்ன வலிக்கும் பெரிய கவலை. எல்லாரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்கிற எண்ணம். காரணமில்லாத கோபம். அந்த ஊர்ப் பாஷையைப் படிக்கவே பிடிக்காமை. எங்கேயோ தூரத்தில் நிலைத்துப்போன பார்வை. வீட்டுக்குப் போகவேண்டும் என்கிற தாங்கமுடியாத ஏக்கம்.

இவைகளை வாசித்தபோது நான் வெட்கப்பட்டேன். ஏனென்றால் வெளிதேசத்திலிருந்து போன் பண்ணி "தூக்கமே வரலைங்க ஐயா" என்று அழுத பிள்ளைகளிடம், "முறுமுறுக்காதே தம்பி, இன்னும் ஜெபம் பண்ணு" என்று சொல்லி போனை வைத்த ஊழியக்காரன் நான். ஜெபம் நல்லதுதான். ஆனால் கால் முறிந்தவனைப் பார்த்து "விசுவாசமாய் ஓடு" என்று சொல்லலாமா?

தண்ணீர் கேட்டேன், சோறு வந்தது

இத்தனைக்கும் நானே அந்த வழியாய் நடந்தவன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, 2003-ல், இருபத்துமூன்று வயதில், ஜார்க்கண்ட் மாநிலம் தும்கா பக்கத்தில் ஒரு சந்தால் கிராமத்துக்குப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனேன். முதல் மாதம் எல்லாம் அழகாயிருந்தது. வண்ணம் பூசிய மண்சுவர், சால் இலையில் தைத்த தட்டு, மத்தளச் சத்தம். வீட்டுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

மூன்றாம் மாதம் எல்லாம் கசந்தது. கடுகெண்ணெய் வாசம் குமட்டியது. புளியில்லாத குழம்பு இறங்கவில்லை. வந்த விருந்தாளிக்கு ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிடுவது அந்த ஜனங்களுடைய மரியாதை. கால் கைகளைக் கழுவ வைத்த தண்ணீரை நான் மடமடவென்று குடித்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று இரவு அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. அவர்கள் என்ன பேசினாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது.

இன்னொரு நாள், தாகமாயிருந்தது. சந்தாலி பாஷையில் தண்ணீருக்கு 'தாக்', சோற்றுக்கு 'தாக்கா'. நான் தட்டுத்தடுமாறிக் கேட்டதில் ஒரு பாட்டி உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சோறு கொண்டுவந்து வைத்தாள். நான் முழித்தேன். அவளுக்கு விஷயம் புரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிராமத்தில் நான் மனதாரச் சிரித்தது அதுதான் முதல் தடவை. தன் தவறைப் பார்த்துத் தானே சிரிக்கத் தொடங்குகிறவன் தேற ஆரம்பித்துவிட்டான் என்று ஓபெர்கும் சொல்லுகிறார். ஆனால் எனக்குப் பொறுமையில்லை. ஒன்பதாம் மாதம் ஜசீடியில் ரயிலேறிவிட்டேன்.

1955-ல் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்கா போய்வந்த இருநூறு நார்வேக்காரரை விசாரித்து எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பினவர்களும் நன்றாயிருந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாயிருந்தார்கள். நடுவில் உள்ளவர்களே அதிகம் சிரமப்பட்டார்கள். பள்ளத்தாக்கின் நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் மலைதான் தெரியும். நான் அந்த இடத்தில்தான் திரும்பினேன்.

திரும்பி வந்தவனும் அந்நியனே

வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. "இதுக்குள்ள வந்துட்டியே, அழைப்பு இல்லையோ?" என்றார்கள். கடைவீதியில் என்னையறியாமல் "ஜோஹார்" என்று கும்பிட்டேன். ஜனங்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஊர் திரும்புகிறவனுக்கும் இதே இறக்கம் இரண்டாம் தடவை உண்டு என்று கல்லஹார்ன் தம்பதியர் 1963-ல் எழுதினார்கள்.

இதைப் பெரிய அளவில் கண்டது நம் தமிழ்நாடு. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்திறங்கினவர்களில் எத்தனையோ பேர் இந்தியாவை அதுவரை கண்ணால் கண்டதில்லை. அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. தெருவில் 'சிலோன்காரர்'. அங்கே இருந்தவரை இந்தியர், இங்கே வந்தபின் சிலோன்காரர். பாஷை ஒன்றாயிருந்தால் போதும் என்று நினைக்கிறோமே, அது போதாது என்பதற்கு இவர்களே சாட்சி.

யார் மாறவேண்டும்?

"வந்தவன்தான் மாறணும், ஊரோடு ஒத்து வாழணும்" என்பது நம் பெரியவர்கள் சொல். அதில் நியாயம் உண்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தை நினைத்துப் பாருங்கள் (எரேமியா 29). வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணம் நன்றாயிருக்க நாடுங்கள் என்கிற கருத்தில் அல்லவோ எழுதினான்? சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆறுதல் சொன்ன அனனியா பொய்யனானான். பெட்டியைக் கட்டியபடியே வைத்திருக்கிறவன் எந்த ஊரிலும் குடியிருக்க முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடுவதா? தானியேல் புதுப் பெயரை ஏற்றான், கல்தேயருடைய எழுத்தைப் படித்தான், ராஜாவின் வேலையைச் செய்தான். போஜனத்தில் மட்டும் ஒரு கோடு போட்டான். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று போகிறதற்கு முன்பே தீர்மானித்தவன் தடுமாறவில்லை.

கனடா நாட்டு மனோதத்துவ அறிஞர் ஜான் பெர்ரி, அந்நிய நாட்டில் வாழ்கிறவனுக்கு நான்கு வழிகள் உண்டு என்கிறார். தன்னுடையதையும் காத்து அவர்களோடும் சேருவது. தன்னுடையதை விட்டு அவர்களைப் போலவே ஆகிவிடுவது. தன் கூட்டத்துக்குள் அடைந்துகொள்வது. இரண்டும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பது. முதல் வழியே மனதுக்கு நல்லது. ஆனால், கவனியுங்கள், அந்த வழியை வந்தவன் மாத்திரம் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே இருக்கிற ஜனங்கள் கதவைத் திறந்தால்தான் அது வழி. திறக்காவிட்டால் சுவர்.

2011 டிசம்பரில் நாம் இதைக் கண்ணாரக் கண்டோம். முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றது. இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மலையாளம் நன்றாய்ப் பேசினவர்களும் வந்தார்கள். மாறவேண்டிய மட்டும் மாறினவர்கள்தான். கதவு அடைபட்டபோது அவர்கள் மாறினது அவர்களைக் காப்பாற்றவில்லை.

அதனால்தான் எனக்குப் போவாஸ் பெரியவனாய்த் தோன்றுகிறான். மோவாபியப் பெண்ணாகிய ரூத் வயலுக்கு வந்தபோது, நீ எங்கள் வழக்கத்தைப் படித்துக்கொண்டு வா என்று அவன் சொல்லவில்லை. அவள் பொறுக்கும்படி கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான், அவளை அதட்டக்கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான் (ரூத் 2). முதல் அடி ஊர்க்காரனுடையது. ஏனென்றால் நிற்க நிலம் இருப்பது அவனுக்குத்தான்.

என் அறிக்கை

இப்போது என் குற்றத்தைச் சொல்லுகிறேன். தேனியில் நாங்கள் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடை. அங்கே மேஜை துடைக்க ஒரு வடநாட்டுப் பையன் வந்தான். "வடக்கன் ஒரு மாதிரி ஐயா. முகங்கொடுத்துப் பேச மாட்டான். சோத்தத் தொட மாட்டான். திமிரு" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். நாலு மாசம் அந்த வழியாய்த் தினமும் நடந்தேன்.

ஒரு ராத்திரி கடைக்குப் பின்னால் அவன் தனியே உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன், கண் எங்கேயோ. அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. தும்காவில் நானே பார்த்த பார்வை. எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். ஜார்க்கண்ட் என்றான். "ஜோஹார்" என்றேன். சடாரென்று எழுந்து நின்றான். கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் பேரைக் கேட்டேன்.

முதல் மாதம் தேன்போல இனிக்கும் என்று ஓபெர்க் எழுதினார். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு அந்த இனிப்பு கிடையாது. பலருக்கு முதல் நாட்களே எல்லாவற்றிலும் கடினமானவை என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் காட்டின. அவனுக்கு அந்த முதல் நாட்களில் நான் பக்கத்துச் சுவரில்தான் இருந்தேன். நாலு மாசம் பிந்திவிட்டேன். அவன் ஏற்கெனவே கணக்கு முடித்திருந்தான். அடுத்த வாரம் தேனி ஸ்டேஷனில் மதுரை ரயிலில் ஏற்றிவிட்டேன். இது வெற்றியின் சாட்சி அல்ல, பிரியமானவர்களே. வெட்கத்தின் சாட்சி.

மலையேறினால் நாம் பாண்டி. அவன் மலையிறங்கி வந்தால் வடக்கன். அந்த வார்த்தையினால் காயப்பட்ட தாயின் மகன், அதே வார்த்தைக்குத் தலையாட்டினேனே!

வெளியூர் போகிற பிள்ளைகளே, கட்டிக்கொடுத்துப் போகிற சகோதரிகளே, முதல் வருஷத்தில் மனம் சோர்ந்தால் நாம் கெட்டுப்போனோம் என்று நினைக்காதிருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை அந்தப் பாஷையில் படியுங்கள். தப்பாய்ப் பேசிச் சிரிப்பை வாங்குங்கள். ஒன்றரை வருஷம் பொறுக்காமல் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். ஆனால் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் பொறுமை என்ற பேரில் அங்கே இருக்கவேண்டாம். வந்துவிடுங்கள்.

ஊரிலிருக்கிற நாம்? உங்கள் தெருவில் செங்கல் சூளையிலோ, மில்லிலோ, ஹோட்டலிலோ வேலை செய்கிற ஒருவன் இருப்பான். இந்த வாரத்துக்குள் அவன் பேரைக் கேளுங்கள். ஒரு டீ வாங்கிக்கொடுங்கள். தண்ணீர் கேட்டவனுக்குச் சோறே கொடுத்த ஜனங்கள் நடுவில் நான் இருந்திருக்கிறேன். நாம் ஒரு பேரையாவது கேட்கக்கூடாதா?

கர்த்தர் தாமே நம் இருதயங்களை விசாலமாக்குவாராக. ஆமென்.