தெரிந்தே கழற்றிய செருப்பு

அந்தப் பாட்டி ஏன் செருப்பைக் கழற்றினார் என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

மலேசியாவின் காஜாங்கிலிருந்து குழுவாக ஹைதராபாத் போயிருந்தோம். கோயில்கள் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக ராமோஜி பிலிம் சிட்டி. 1996-இல் தொடங்கிய இடம். ஏறக்குறைய 1,666 ஏக்கர். உலகிலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸில் இடம்பெற்றது. இளையவர்களுக்கு மகிழ்மதியைப் பார்க்கிற அவசரம். பாகுபலிக்காக சாபு சிரில் வடிவமைத்த அரண்மனை அங்கே பார்வையாளர்களுக்காக நிற்கிறது. அதற்கு முன்பு, சிவப்புப் பேருந்து எங்களைப் பாகவதம் செட்டில் இறக்கிவிட்டது. இயக்குநர் பாபு ஈடிவிக்காக எடுத்த பாகவதத் தொடருக்குப் போட்ட செட். தூண்கள், வளைவுகள், வண்ணம் பூசிய சுவர்கள். சாமி சிலை எதுவும் என் கண்ணில் படவில்லை.

படியேறும் இடத்தில் எங்கள் குழுவில் வந்த பாட்டி நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, ரப்பர் சிலிப்பரைக் கழற்றிப் படியோரமாக ஜோடி சேர்த்து வைத்தார். வலது காலில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. எங்களை அழைத்து வந்த தம்பி பதறிப்போய், "பாட்டி, இது கோயில் இல்ல, செட்டு. தரை சுடும், போட்டுக்குங்க" என்றான்.

"தெரியும்யா" என்றார் பாட்டி.

ஏப்ரல் வெயிலில் கொதித்த தரையில், பாதத்தின் ஓரங்களை மட்டும் ஊன்றி, விறுவிறுவென்று உள்ளே போனார். கைகூப்பினார். வெளியே வந்து சிலிப்பரை மாட்டிக்கொண்டார்.

தெரியாமல் கழற்றியிருந்தால் எனக்குச் சிக்கலே இல்லை. வயதானவர், கோயில் என்று நினைத்துவிட்டார் என்று விட்டிருப்பேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கால் சுட நடந்திருக்கிறார்.

கதை நடந்த இடத்தைத் தேடிப் போகும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. வட அயர்லாந்தில் டார்க் ஹெட்ஜஸ் என்றொரு சாலை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு குடும்பம் தன் மாளிகைக்குப் போகும் வழியில் அழகுக்காக நட்ட பீச் மரங்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் சற்று நேரம் தலைகாட்டியபின் உலகமே அங்கே போகிறது. 2016-இல் புயலில் சாய்ந்த மரங்களைப் பத்துக் கதவுகளாகச் செதுக்கி, அந்தக் கதையின் காட்சிகளைப் பொறித்து, ஊர் ஊராக மதுவிடுதிகளில் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகிழ்மதியில் எங்கள் குழுவும் அதைத்தான் செய்தது. பாட்டி ஒரு படம்கூட எடுக்கச் சொல்லவில்லை.

பாட்டியை நினைத்தால் எங்கள் ரப்பர் தோட்டத்துத் திருவிழா நினைவுக்கு வருகிறது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் மதுரை வீரன் நாடகம் போடுவார்கள். பக்கத்து லயத்து மாமாதான் வீரன். பால்மரம் சீவுகிறவர், சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். அவர் முகத்தில் அரிதாரம் பூசி, அரிவாளோடு கொட்டகைக்குள் வந்ததும், முந்தின வாரம் அவரைத் திட்டித் தீர்த்த பெண்களே காலில் விழுந்தார்கள். என் அம்மாவும் விழுந்தார். மறுநாள் விடியற்காலையில் மாமா வழக்கம்போல் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் நின்றார், காதோரம் அரிதாரம் போகாமல். "மாமாவை ஏன்மா கும்பிட்டீங்க?" என்று கேட்டேன். "நான் மாமாவையா கும்பிட்டேன்?" என்று கேட்டார் அம்மா. பாட்டியின் "தெரியும்யா" அதே குரலில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

தேவார வகுப்பில் கொடுத்த நாயன்மார் கதைப் புத்தகத்தில் பூசலார் இருந்தார். திருநின்றவூர்க்காரர். கோயில் கட்டக் கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, ஒவ்வொரு நிலையாகக் கோயில் எழுப்புகிறார். காஞ்சியில் பல்லவ மன்னனும் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்கிறார். மன்னன் திருநின்றவூரில் தேடிப் பார்த்தால் கோயிலே இல்லை. புத்தகத்தில் மீதி என்ன இருந்தது என்பது மங்கிவிட்டது. கோயிலைத் தேடி மன்னன் அலைவது மட்டும் பதிந்துபோயிற்று. கல்லே இல்லாத இடத்துக்கு இறைவன் வருவார் என்றால் பிளாஸ்டர் தூண்களுக்கு நடுவே ஏன் வரக் கூடாது? பத்துமலையில் 140 அடி முருகன் 2006-இல்தான் எழுந்தார். சிமெண்டு, இரும்புக் கம்பி, தங்க வண்ணம். நாம் கும்பிடத் தயங்கினோமா?

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால், தோட்டம் குறுக்கே வருகிறது. தோட்டம் விற்கப்பட்டுத் தாமான் குடியிருப்பு ஆனபோது மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். வேறிடத்தில் மார்பிள் பதித்துப் புதுக்கோயில் கிடைத்தது. குடமுழுக்கும் முறையாக நடந்தது. ஆனாலும் பெரியவர்கள், "ஆத்தா இங்கே வரலப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். கும்பிடுகிறவரின் மனம்தான் எல்லாம் என்றால் அந்த அழுகை எதற்கு? வேப்பமரத்தடி மண்ணில் ஏதோ இருந்தது என்றுதானே அவர்கள் அழுதார்கள்? மண்ணில் இருந்தது என்றால் படப்பிடிப்புத் தளத்தில் பாட்டி எதைக் கும்பிட்டார்? இரண்டில் ஒன்றைத்தான் நான் நம்ப முடியும் என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டையுமே நம்புகிறேன். எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பெரியவர்களை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போனால், அவர்கள் கைகூப்பும்போது "இது செட்டு" என்று சொல்லித் திருத்தாதீர்கள். அவர்களுக்குத் தெரியும்.