வேலைக்கு வேண்டும், பக்கத்தில் வேண்டாம்

வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'கண்ணகி நகர்' என்பதை விட்டுவிட்டு 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதும் இளைஞர்கள் சென்னையில் இருக்கிறார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள். பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆனால் முழு முகவரியைச் சொன்னால் நேர்காணல் அத்தோடு முடிந்துவிடுகிறது என்று அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஏரியாவில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் விசாரிக்கப்படுவது தங்கள் பிள்ளைகள்தான் என்று அங்குள்ள தாய்மார்கள் சொல்கிறார்கள்.

அந்த முகவரியை அவர்கள் தேடிப்போகவில்லை. அரசு கொடுத்தது.

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் வாசகமே அதன் குறிக்கோளானது. வாரியம் முதலில் கட்டிய அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை குடிசைகள் இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ எழுந்தன. கடலோரத்து மீனவருக்குக் கடலோரத்திலேயே வீடு கிடைத்தது. வீடுகள் சிறியவை, பராமரிப்பு மோசம், குறைகள் ஏராளம். ஆனாலும் வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, கடன் கொடுக்கும் அண்ணாச்சி கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நகரத்துக்குள் வாழ ஏழைக்கும் உரிமை உண்டு என்று ஓர் அரசு செங்கல்லும் சிமென்ட்டும் கொண்டு ஒப்புக்கொண்ட காலம் அது.

பின்னர் நிலத்தின் விலை ஏறியது, கொள்கையும் மாறியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று ஏழைகளின் குடியிருப்புகள் நகரத்தின் தென் விளிம்புக்குப் போயின. கண்ணகி நகரின் தொடக்க கால வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. பல குடும்பங்கள் பள்ளி ஆண்டின் நடுவில் லாரியில் ஏற்றப்பட்டன. பாதியில் நின்ற படிப்பைத் திரும்பப் பிடிக்காத பிள்ளைகள் உண்டு.

ஆற்றங்கரையில் வெள்ளத்தில் சாக வேண்டாம் என்றுதானே மாற்றினோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாற்றிய இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பெருமழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டும் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நிற்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பில் நகரத்தின் குப்பைக் கிடங்கு இருக்கிறது, கல்வி நிறுவனங்களும் அலுவலகக் கட்டடங்களும் இருக்கின்றன. அவற்றின் முன்னால் எந்தப் புல்டோசரும் அதிகாலையில் வந்து நிற்பதில்லை. ஒரே நீர்நிலையில் குடிசை போட்டவர் குற்றவாளி, கண்ணாடிக் கட்டடம் எழுப்பியவர் முதலீட்டாளர். இதைச் சட்டம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நீதிமன்றமும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசியதில்லை. 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழை வேலைக்குப் பக்கத்தில் குடியிருப்பது பேராசையால் அல்ல, வேறு வழியில்லாததால் என்பதையும் அத்தீர்ப்பு புரிந்துகொண்டது. ஆனாலும் முடிவில் அகற்றத்தைத் தடுக்கவில்லை. 2000இல், டெல்லியின் குப்பை தொடர்பான வழக்கில், பொது நிலத்தில் குடியேறியவருக்கு மாற்று இடம் தருவது பிக்பாக்கெட்டுக்குப் பரிசு தருவது போன்றது என்று அதே நீதிமன்றம் எழுதியது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் ஏழை மாறவில்லை, அவரைப் பார்க்கும் கண் மாறியது. அந்தக் கண் நம் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது.

தூரம் என்ன செய்கிறது என்பதைப் பெண்களிடம் கேட்க வேண்டும். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியவர், பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நான்கு வீடும் செய்ய முடியாது. இரண்டு வீடு போகிறது, வருமானம் பாதியாகிறது. விடியுமுன் மார்க்கெட்டில் நிற்க வேண்டிய மீன்காரம்மாவுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. 2021இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்த கட்டணமில்லாப் பயணம் பெரிய உதவி, அதை மனதாரச் சொல்ல வேண்டும். காசு மிச்சமாகிறது. ஆனால் தினமும் பஸ்ஸில் கழியும் மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. 2018இல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தது. வேலை செய்யும் மணிக்குத்தான் அந்தக் கூலி. வந்து போகும் மணிகள் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.

பலர் இப்போது அக்கம்பக்கத்துப் பெரிய அடுக்குமாடிகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே வேறொரு தூரம் காத்திருக்கிறது. குடியிருப்போருக்கு ஒரு லிஃப்ட், வேலைக்காரர்களுக்கும் டெலிவரி பையன்களுக்கும் இன்னொன்று. வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். பூங்காவின் பெஞ்சில் உட்காரக் கூடாது. காலையிலிருந்து மதியம்வரை ஏழெட்டுக் கழிப்பறைகளைக் கழுவிய பெண், தன் அவசரத்துக்கு அவற்றில் ஒன்றைப் பயன்படுத்த அனுமதி இல்லாமல் கீழே காவலாளிகளின் கழிப்பறையைத் தேடிப் போகிறார். குழந்தையைத் தூக்கலாம், சமைக்கலாம், படுக்கை விரிக்கலாம். சோபாவில் உட்காரக் கூடாது.

இப்படி நடத்துபவர்கள் கொடியவர்கள் அல்ல. தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறார்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவுகிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். அந்த ஈரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் தானம் கொடுக்கிறோம், நாற்காலி கொடுப்பதில்லை. தானத்தில் கொடுப்பவரின் உயரம் குறைவதில்லை. எதிரே உட்கார வைத்தால் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம்.

இந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 'நாங்கள் படித்து, உழைத்து மேலே வந்தவர்கள்' என்பது அது. உழைத்தோம், உண்மை. நமக்கு முன்னே படித்த அப்பா இருந்தார், வீட்டில் புத்தகம் இருந்தது, காதில் ஆங்கிலம் விழுந்தது, வாடகைக்குப் போனால் கதவைச் சாத்தாத சாதிப் பெயர் இருந்தது. இவை எதையும் நாம் சம்பாதிக்கவில்லை. அகற்றப்பட்டவர்களில் பெரும் பகுதி தலித் குடும்பங்கள். கிராமத்தில் ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமுமாகப் பிரித்த அதே கோட்டை, நகரம் பல கிலோமீட்டர் நீளத்துக்கு மீண்டும் போட்டிருக்கிறது. இதைப் பணத்தின் இடைவெளி என்று மட்டும் சொல்வது பாதி உண்மையைத்தான் சொல்வது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவைத் தமிழ்நாடு 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்துக் கொண்டாடியது. அந்தப் பெண் தன் ஊரின் பெயரை மறைக்காமல் நிமிர்ந்து சொன்னார். மகிழ்ச்சிதான். ஆனால் தங்கம் வாங்கினால்தான் முகவரியைச் சொல்ல முடியும் என்றால், கபடி ஆடாத மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. பெயரில் இருக்கும் வாழ்விடத்தை வேலைக்குப் பக்கத்தில், நகரத்துக்குள் கொடுக்க வேண்டும். இருக்கும் இடத்திலேயே கட்டித்தருவதே முதல் வழியாக இருக்க வேண்டும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்மொழியுங்கள்: லிஃப்ட்டைப் பிரிக்கும் அறிவிப்புப் பலகையை எடுப்பது, வேலைக்கு வருபவர்களுக்கு ஒழுங்கான கழிப்பறை, கூலியோடு வழிநேரத்துக்கும் ஒரு தொகை. எதிர்ப்பவர் யார், என்ன காரணம் சொல்கிறார் என்பதைக் கவனித்துக் கேளுங்கள். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.