பரிகாரம் தேடும் பட்டணம்

பாவம் செய், பயம் வேண்டாம், பரிகாரம் இருக்கிறது! — இதுதான் நெடுங்காலமாக நம் மக்களுக்கு ஊட்டப்பட்ட நீதி. பொய்யுரைத்தவனுக்கு ஒரு முழுக்கு. பொருள் பறித்தவனுக்கு ஒரு காணிக்கை. கொடுமை புரிந்தவனுக்குக் கொஞ்சம் அதிகச் செலவில் ஒரு யாகம்! கேட்டு நகைக்கிறோம், பகுத்தறிவாளர் நாம். "பாதிக்கப்பட்டவன் இங்கே கண்ணீர் வடிக்க, பணம் அங்கே போய்ச் சேர்வது எப்படி நீதியாகும்?" என்று கேட்கிறோம். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைக் கோயில் வாயிலோடு நிறுத்திவிடாமல், நாம் வாழும் நகரின் வரைபடத்தின் முன்னும் எழுப்ப வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

வரைபடத்தில் அறநெறிக்கு என்ன வேலை என்று தோழர்கள் வியக்கலாம். இருக்கிறது; நிரம்ப இருக்கிறது.

நகரம் தன் நிலத்தைப் பகுக்கிறது. குடியிருப்புக்கு இந்த இடம், வாணிகத்துக்கு அந்த இடம், தொழிற்சாலைக்கு ஒதுக்குப்புறமான வேறோர் இடம், குழந்தைகள் ஓடியாடத் திறந்தவெளி, நீர் தங்க ஏரி, நீர் ஓட ஆறு என்று வண்ணம் தீட்டி வைக்கிறது. மனைக்குள்ளும் எல்லை வகுக்கிறது. தளப்பரப்புக் குறியீடு இரண்டு என்றால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 4,800 சதுர அடியைத் தாண்டக் கூடாது. பக்கங்களில் இடம் விடு, தெருவின் அகலத்துக்கேற்ப உயரம் கொள் என்கிறது. ஏன்? ஒருவன் எழுப்பும் சுவர் மற்றொருவனின் வெளிச்சத்தை மறைக்கும். ஒருவன் தூர்க்கும் வாய்க்கால் மற்றொருவன் வீட்டில் வெள்ளமாய் நுழையும். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைய வழி வேண்டும். "என் மனை, என் விருப்பம்" என்பவனை நோக்கி, "மனை உனது, மழையும் காற்றும் உனதல்ல" என்று சொல்வதே நகரமைப்பு.

பழைய நாளிலும் திட்டம் இருந்தது. கோயிலருகே அக்கிரகாரம், நடுவே ஊர், எல்லைக்கு அப்பால் சேரி! பிறப்பே அன்றைய வரைபடம். அதை அழிக்கவும் திருத்தவும் எவருக்கும் உரிமையில்லை. ஏனெனில் வரைந்தவன் ஆண்டவன் என்றார்கள். வெள்ளையர் வந்தனர், சென்னையில் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் என்று கோடிட்டனர். இவற்றோடு ஒப்பிட்டால், "நீ யார்?" என்று கேளாமல் "நிலம் எதற்கு?" என்று மட்டும் கேட்கும் சட்டம் எத்துணை பெரிய முன்னேற்றம்! 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1975-இல் சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டமும், 2008-இல் இரண்டாவதும் வந்தன. மனிதன் வரைந்த கோடு இது. ஆகவே மனிதன் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். பெருமைதான்.

ஆனால், சட்டம் பிறந்தபோதே விலக்கும் உடன்பிறந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் வைத்தது. பின்னர் 113-ஏ என்றொரு பிரிவு ஒட்டிக்கொண்டது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறி எழுந்த கட்டடங்கள், கட்டணம் செலுத்தினால் வரன்முறைப்படுத்தப்படும் என்றது அது. இந்த ஒரு முறைதான் என்றார்கள். 2000-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவுகள் செல்லும் என்றது; ஆயினும் அரசு வாரி வழங்கியிருந்த விலக்கு ஆணைகளைக் கடிந்துரைத்தது. கெடுவோ மேலும் மேலும் நீண்டது. அந்த நீட்டிப்புகள் செல்லா என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் புதியதொரு பிரிவு முளைத்தது. 2007 ஜூலை முதல் நாள் வரை எழுந்த கட்டடங்களுக்கு விலக்கின் வாயில் திறந்தது. ஆட்சிகள் மாறின, பரிகாரம் மாறவில்லை!

கட்டணம் கட்டியவுடன் என்ன நிகழ்கிறது? ஒடுங்கிய படிக்கட்டு அகன்றுவிடுகிறதா? அண்டை வீட்டுக்கு வெளிச்சம் திரும்பிவிடுகிறதா? தூர்ந்த வாய்க்கால் தானே தோண்டிக்கொள்கிறதா? இல்லை. தீமை அப்படியே நிற்கிறது. தீமை என்னும் பெயர்தான் நீங்குகிறது. இதற்கும் பாவம் கழுவும் முழுக்குக்கும் என்ன வேற்றுமை?

மற்றொரு பக்கம் பாருங்கள். என் வகுப்பில் ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வந்த மாணவி ஒருத்தி படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. கல்வியாண்டின் நடுவே அவள் குடும்பம் நகரின் தெற்கு விளிம்புக்கு அனுப்பப்பட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவள் தாய் என்னிடம் கேட்டார்: "ஆத்த நாங்க மறிச்சோம்னு சொல்றாங்க சார். எதிர்க்கரையில நிக்கிற மாடி வீடுங்க மட்டும் ஆத்த மறிக்கலையா?" பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. சான்றிதழை மட்டும் கொடுத்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை ஏழைகள் பலர் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்பே அவ்வாறு நிறைந்தவை. அப்பகுதி எத்தகையது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலம்! 1960-களில் 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டதாக மதிப்பிடப்பட்ட அச்சதுப்பு, சாலையும் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றதுபோக ஏறத்தாழ 600 ஹெக்டேராகச் சுருங்கியது. 2007-இல் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதியும் கிட்டியது. மகிழ்ச்சி. ஆனால், வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்று பெயர்த்தெடுத்த மக்களை மழைநீர் தேடிவரும் தாழ்நிலத்தில் குடியமர்த்தியது எந்தத் திட்டம்? பணமுள்ளவன் கோட்டைத் தாண்டினால் கட்டணம். ஏழை கோட்டின்மேல் நின்றால் பெயர்ப்பு! பழைய வரைபடம் பிறப்பைப் பார்த்தது. புதிய வரைபடம் பையைப் பார்க்கிறதா?

"அப்படியானால் மீறல் அனைத்தையும் இடித்துத் தள்ளலாமா? எளியவர் வீடும் அல்லவா இடிபடும்?" என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. அங்கீகாரம் இல்லாத மனை என்று அறியாமல், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மன்னிப்பு வேண்டும். விற்றவனுக்குத் தண்டனை வேண்டும். இடமின்மையால் மீறியவன் வேறு. இடம் போதாமல் மீறியவன் வேறு. முன்னவனைத் திட்டம் மறந்தது. பின்னவன் திட்டத்தை மறந்தான். அண்டை வீட்டாரின் உயிருக்கும் ஊரின் நீர்வழிக்கும் ஊறு செய்யாத மீறலை மன்னிக்கலாம். ஊறு செய்யும் மீறலுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. மன்னிப்புக்கு அளவுகோல் தேவையும் தீங்கும் ஆகட்டும். தொகை ஆக வேண்டாம்.

திட்டம் என்று பெயர் பெற்றுவிட்டால் தீதில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கும் தியாகராய நகர், 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். அன்று அது வளர்ச்சி. இன்று மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது, ஏரி இல்லை. நம்மவர் செய்ததாயினும், அறிவு வளர வளர மறு ஆய்வு செய்வதே பகுத்தறிவு.

இளைஞனே! சட்டம் ஓர் உரிமையை உன் கையில் தந்திருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கூற இரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்கிறது. 2026-ஐ எல்லையாகக் கொண்ட இரண்டாம் திட்டத்தை அடுத்து, மூன்றாவதற்கான பணியும் தொடங்கப்பட்டது. நிலம் வாங்கி விற்போர் வரைபடத்தை வரி வரியாகப் படிக்கிறார்கள். நீ படித்தாயா? உன் தெரு என்ன வண்ணம்? உன் ஊர் ஏரி நீலமாக இருக்கிறதா, நிறம் மாறிவிட்டதா? புராணத்தைப் புரட்டிப் பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றவன் நீ. புல எண்ணைப் புரட்டக் கூசலாமா?

அந்தத் தாயின் கேள்விக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. கோடு எல்லோருக்கும் கோடாக இருக்கும் நகரில்தான் அதற்கு விடை உண்டு.