செவி தந்தால் போதுமா?

"உன் கருத்தைச் சொல், கேட்டுக் கொள்கிறேன். முடிவை நான் செய்வேன்" என்கிறான் ஒருவன். அவன் கொடியவன் அல்லன். காதைப் பொத்திக் கொண்டு கட்டளையிடுபவனைக் காட்டிலும் மேலானவன்தான். ஆனால், அவன் நீதியாளனா? செவியைத் தந்துவிட்ட காரணத்தாலேயே செங்கோலைத் தன் கையிலேயே வைத்துக் கொள்ளும் தகுதி ஒருவனுக்கு வந்துவிடுமா? மன்னர் அவைகள் மறைந்து மக்கள் மன்றங்கள் மலர்ந்துவிட்ட பின்னும் மறையாத கேள்வி இது. உரிமை பற்றி எண்ணும் இளைஞர் எவரும் இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது.

இதை வெறும் ஏட்டுக் கேள்வியாக விடாமல், உலகில் நடக்கும் ஒன்றை உரைகல்லாகக் கொள்வோம். பிரிட்டனில் ஆஃப்காம் என்றோர் ஆணையம் உண்டு. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, அலைக்கற்றை ஆகியவற்றை ஐந்து தனித்தனி அமைப்புகள் மேற்பார்த்து வந்த நிலையை மாற்றி, 2003-ஆம் ஆண்டு இறுதியில் அவ்வைந்தின் பொறுப்புகளையும் அது ஏற்றது. 2017 முதல் பி.பி.சி.யின் வெளி மேற்பார்வையும் அதனிடமே வந்தது. எவர் ஒலிபரப்பலாம், எந்த அலைக்கற்றை எவருக்கு, எந்த நிறுவனம் எந்தக் கடமையைச் செய்யவேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் வலிமை வாய்ந்த மன்றம் அது.

பிரிட்டன் ஒரே நாட்டினம் அன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு பகுதிகள் கொண்டது. ஆகவே 2003-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பகுதிக்கு ஒன்றாக நான்கு ஆலோசனைக் குழுக்களை அமைக்குமாறு ஆணையத்தைப் பணித்தது. அந்தந்தப் பகுதியில் வாழும் மக்களின் நலன்களையும் கருத்துகளையும் ஆணையத்துக்கு எடுத்துரைப்பதே அக்குழுக்களின் பணி. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. குழுவின் தலைவரை நியமிப்பது யார்? ஆணையம். உறுப்பினரை நியமிப்பது யார்? ஆணையம். எத்தனை பேர் என்று முடிவு செய்வது யார்? அதுவும் ஆணையமே! மக்கள் கருத்தை எடுத்துரைக்க வல்லவர்களாகப் பார்த்து நியமிக்க வேண்டும் என்று சட்டம் அறிவுறுத்துகிறது. இருப்பினும், அறிவுரை கேட்கப் போகிறவரே அறிவுரையாளரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது மாறவில்லை.

அக்குழுக்களில் அமர்ந்து பணியாற்றுவோரைக் குறைகூறுவதன்று நம் நோக்கம். அவர்கள் நேர்மையாளராகவும் உழைப்பாளராகவும் இருக்கட்டும். ஓர் அமைப்பின் அறத்தை அளக்கும்போது, அதில் இருக்கும் மனிதரின் நற்குணத்தைக் கொண்டு அளக்கலாகாது. நல்லவர் இல்லாத நாளில் அந்த அமைப்பு என்ன செய்யும் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

வேல்ஸ் மக்களின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. 1962-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சாண்டர்ஸ் லூயிஸ் எனும் எழுத்தாளர் வானொலியில் ஓர் உரையாற்றினார். போராடாவிட்டால் வேல்ஸ் மொழி வாழும் மொழி என்ற நிலையை இழக்கும் என்று எச்சரித்தார். அவ்வாண்டே வேல்ஸ் மொழிக் கழகம் பிறந்தது. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்த காலம் அது. கூடத்தில் ஆங்கிலமே ஓயாது ஒலித்துக் கொண்டிருந்தால், குழந்தையின் நாவில் தாய்மொழி எத்தனை நாள் தங்கும்? தனி அலைவரிசை வேண்டும் என்று மக்கள் கேட்டனர்.

1974-ஆம் ஆண்டு, அரசே அமைத்த கிராஃபோர்டு குழு, வேல்ஸ் நாட்டில் வரவிருந்த நான்காவது தொலைக்காட்சி அலைவரிசையை வேல்ஸ் மொழிக்கு வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. 1979 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியும் அவ்வாறே வாக்களித்தது. வென்றது, ஆட்சியில் அமர்ந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் வாக்கைக் கைவிட்டது! ஆலோசனைக்குப் பஞ்சமா? இல்லை. அறிஞர் குழு அறிக்கை தந்திருந்தது, காரணங்கள் கூறப்பட்டிருந்தன. இல்லாதது ஒன்றே: அந்த ஆலோசனையைப் புறக்கணித்தால் காரணம் காட்டவேண்டிய கட்டாயம்.

அதன்பின் நடந்தது என்ன? இரண்டாயிரம் பேர் அளவில் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மாட்டோம் என்று உறுதி பூண்டனர். கல்வியாளர் மூவர் ஒலிபரப்பு நிலையம் ஒன்றினுள் நுழைந்து அதன் இயக்கத்தை நிறுத்தினர். பிளைட் கம்ரி கட்சியின் தலைவர் குவின்ஃபர் எவன்ஸ், 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாநோன்பு என்று அறிவித்தார். செப்டம்பர் 17 அன்று அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் முதல் நாள் எஸ்4சி எனும் வேல்ஸ் மொழி அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியது.

உண்ணாநோன்பு தக்க போர்முறைதானா என்று பகுத்தறிவாளர் வாதிடலாம். அது வேறு வழக்கு. நம் கேள்வி இது: ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அறிவு சொல்லிவிட்ட ஒன்றைப் பெறுவதற்கு, எழுபதை நெருங்கிய ஒரு முதியவர் தன் உயிரைத் தராசில் வைக்க நேர்ந்ததே, அது எதனால்? ஆலோசனைக்கு எடை இல்லாததால்! எடையற்ற ஆலோசனை மக்களை அமைதிப்படுத்துவதில்லை. "சொல்லிப் பயனில்லை" என்ற பாடத்தையே அது கற்றுத் தருகிறது. அந்தப் பாடத்தைக் கற்றவன் அடுத்த முறை அறிக்கை எழுத மாட்டான்.

"அலைகளுக்கு எல்லைக்கோடு தெரியுமா? அலைக்கற்றையைப் பங்கிடுவது பொறியியல். நான்கு இடத்தில் நான்கு முடிவு எடுத்தால் குழப்பமே மிஞ்சும். ஆகவே ஒரே ஆணையம், ஒரே முடிவு என்பதே அறிவுடைமை" என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஓர் அலைவரிசை இன்னொன்றோடு மோதுமா என்பது பொறியியல்; அதற்கு வாக்கெடுப்பு வேண்டியதில்லை. ஆனால், மலையடிவாரத்துச் சிற்றூருக்குத் தொலைபேசித் தொடர்பு கட்டாயமா, இலாபம் இருந்தால் மட்டுமா என்பது பொறியியலா? குறைந்தோர் பேசும் மொழிக்கு மாலை நேரத்தில் இடமா, நள்ளிரவில் இடமா என்பது பொறியியலா? இவை யாருக்கு எது சேரவேண்டும் என்னும் நீதிக் கேள்விகள். நீதிக் கேள்விக்கு நிபுணர் போர்வை போர்த்தி, மக்களை வாயிற்படியிலேயே நிறுத்திவைப்பது பகுத்தறிவு ஆகாது.

பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய ஒரு கணக்கைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் பிரிட்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 கோடியே 32 லட்சம். வேல்ஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சத்து 60 ஆயிரம். "நாட்டு மக்களில் 98 விழுக்காட்டினருக்குச் சேவை தரவேண்டும்" என்று ஒரு நிறுவனத்துக்கு விதி வகுத்தால் எவரும் கைதட்டுவர். ஆனால் விடுபடும் 2 விழுக்காடு எவ்வளவு? 12 லட்சத்துக்கும் மேல். அந்த 12 லட்சமும் வேல்ஸிலேயே விடுபட்டாலும் விதி மீறப்படவில்லை! வேல்ஸ் மக்களில் நூற்றுக்கு நாற்பது பேர் இருளில் இருப்பர். ஏட்டிலோ 98 விழுக்காடு ஒளி! சராசரி என்பது பெரியவனின் நிழலில் சிறியவனை மறைத்துவிடும் திரை.

இந்தத் திரையைக் கிழிக்க வழி இல்லையா? உண்டு. 2013-இல் நான்காம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கான அலைக்கற்றையை ஆஃப்காம் ஏலம் விட்டபோது, அதில் ஒரு பகுதிக்கு இரட்டை நிபந்தனை விதித்தது. 2017 இறுதிக்குள், பிரிட்டன் முழுமைக்கும் 98 விழுக்காட்டினரை எட்டவேண்டும். அத்துடன் நான்கு பகுதிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 95 விழுக்காட்டினரை எட்டவேண்டும். இப்போது வேல்ஸில் விடுபடக் கூடியோர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் என்ற அளவில் அடங்கிவிட்டனர். இந்த நிபந்தனையை வேண்டியவர் யார் என்பதைவிட, அது உரிமத்திலேயே எழுதப்பட்டது என்பதே முக்கியம். வேண்டுகோள் விதியாயிற்று, விதி மக்களைக் காத்தது.

"அப்படியானால் அதிகாரம் முழுவதையும் வேல்ஸ் அமைச்சர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். 1998-இல் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி அவைகள் அமைக்கச் சட்டம் இயற்றியபோதும், ஒலிபரப்பையும் தொலைத்தொடர்பையும் இலண்டனே வைத்துக் கொண்டது. அதை மாற்றக் கோருவது நியாயமான கோரிக்கை. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இலண்டன் அமைச்சரின் கையில் ஒலிபெருக்கி இருப்பது தீமை எனில், கார்டிஃப் அமைச்சரின் கையில் அது இருப்பதும் தீமையே. ஆள்வோரைத் தட்டிக் கேட்கும் குரலை ஆள்வோரே அடக்கியாள விடலாகாது. மேலும், 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசுவோர் அங்கு 17.8 விழுக்காட்டினர்தாம். தம் நாட்டிலேயே அவர்கள் சிறுபான்மையினர். பெரும்பான்மையின் எண்ணிக்கை ஒன்றே நீதி என்றால், இலண்டனில் தோற்றவர் கார்டிஃபிலும் தோற்பர்.

ஆகவே வேண்டுவது இடமாற்றம் மட்டுமன்று, முறைமாற்றம். முதலாவது, ஆலோசனை கூறுவோரை ஆலோசனை கேட்போர் நியமிக்கலாகாது. அப்பகுதி மக்களின் மன்றமோ, இருதரப்பையும் சாராத அமைப்போ நியமிக்கட்டும். இரண்டாவது, ஆலோசனையை ஏற்க மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில், குறித்த காலத்தில், மக்கள் முன் வைக்கவேண்டும். காரணம் கூறக் கடமைப்பட்டவன் தான்தோன்றியாக நடக்க அஞ்சுவான். மூன்றாவது, எந்தப் பகுதியும் இதற்குக் கீழே தள்ளப்படாது என்னும் அடித்தளம் விதியாகவே எழுதப்படவேண்டும். 2016-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டமும் 2017-ஆம் ஆண்டு வேல்ஸ் சட்டமும், ஆஃப்காமின் ஆட்சிக் குழுவில் ஓர் உறுப்பினரை நியமிக்கும் உரிமையை அந்நாடுகளின் அமைச்சர்களுக்கு வழங்கியுள்ளன. வாயிற்படியில் நின்றவருக்கு அவைக்குள்ளே ஓர் இருக்கை கிடைத்தது. வரவேற்போம். ஆனால் ஓர் இருக்கை, ஒரு குரல், அவ்வளவே.

தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். கேட்பது பண்பு, மறுப்பதில்லை. ஆனால் பண்பு என்பது தருபவன் விரும்பும்வரை இருப்பது. உரிமை என்பது, அவன் விரும்பாத நாளிலும் நிலைப்பது. பண்பைப் பெற்றுக்கொண்டு உரிமையை மறப்பவன், நன்றி சொல்லியே காலம் கழிப்பான். இடித்துரைத்தால் கேட்டவன் விடையளித்தே ஆகவேண்டும் என்ற நிலை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஆலோசனை ஆட்சியின் பகுதியாகிறது. அந்நிலை இல்லாத இடத்தில், எத்தனை குழுக்கள் கூடினாலும், அவை சுவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் கூட்டங்களே!